மக்கத்துக்குப் போன உம்மா

அன்று காலை தெருப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஹாஜறா உம்மா மௌத்தான மரணச் செய்தி போனது. கடற்கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள். சந்தையில் மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். கல்முனைக்குப் போகப் பஸ்ஸுக்குக் காத்து நின்ற இரண்டு பெண்கள் 'எந்த ஹாஜறா உம்மா?' என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, பயணத்தை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். சாய்ந்தமருது முழுக்க அறிந்த அந்தச் செய்தியை, அவர் வயிற்றில் பிறந்த மூத்த மகள் சுல்பிகாவுக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டார்கள் என்றால் மன்னித்துவிடலாம். மையத்து வீட்டில் ஆயிரம் அலைச்சல் இருக்கும். ஆனால் இவர்கள் கூடியிருந்து பேசி, நன்றாக யோசித்து, அவளுடைய நன்மைக்கென்று முடிவெடுத்துச் சொல்லாமல் விட்டார்கள். ஒருவருடைய நன்மைக்கென்று அவரை அருகில் வைத்துக்கொள்ளாமல் நாலு பேர் பேசத் தொடங்கினால், அந்த ஆளுக்கு ஏதோ பெரிய கேடு வரப்போகிறது என்று அர்த்தம்.

சுல்பிகாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. பிறந்தபோதே முகத்தைப் பார்த்து வைத்தியர் சொல்லிவிட்டார், இந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல வளராது என்று. சின்னக் கண்கள், தட்டையான மூக்கு, கட்டையான விரல்கள். அந்தக் காலத்தில் அதற்கு வைத்தியர்கள் ஒரு கூடாத பெயர் வைத்திருந்தார்கள். பிறகு 'டவுன் சின்ட்ரோம்' என்று சொன்னார்கள். தெருவிலுள்ளவர்களுக்கு இரண்டு பெயரும் தேவைப்படவில்லை. அவர்கள் 'பாவம்' என்று ஒரே சொல்லில் வேலையை முடித்துக்கொண்டார்கள். 'பாவம், ஒண்டும் விளங்காது' என்று அவளை வைத்துக்கொண்டே சொல்வார்கள். அவளுக்கு அது நன்றாக விளங்கும்.

அவளுக்கு விளங்காமல் போவதெல்லாம் அவசரமாகச் சொல்லப்பட்டவைதான். ஒரு விஷயத்தை நிதானமாக ஒருதரம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கவேண்டும். அவள் அதை உள்ளே எடுத்துக்கொண்டு, திருப்பிப் பார்த்து, பிறகு பதில் சொல்வாள். நாக்குத் தடித்த பேச்சு. காது கொடுத்தால் ஒரு சொல்லும் தவறாது. நம்மூரில் வம்பு பேச நேரமிருக்கிறது, சீட்டுக் கட்ட நேரமிருக்கிறது. ஒரு பெண்ணின் பதிலுக்காக அரை நிமிடம் காத்திருக்க மட்டும் ஒருவருக்கும் நேரமில்லை. ஹாஜறா உம்மா ஒருவர்தான் காத்திருந்தார்.

ஹாஜறா உம்மா மகளை ஒளித்துவைத்து வளர்த்தவரல்ல. கலியாண வீட்டுக்கும் கூட்டிப் போனார், மையத்து வீட்டுக்கும் கூட்டிப் போனார். கலியாண வீட்டில் மற்றப் பெண்களோடு சேர்ந்து குரவை போடவும், மையத்து வீட்டில் சத்தமில்லாமல் பாயில் இருந்து தஸ்பீஹ் மணி உருட்டவும் அவளுக்குத் தெரியும். எட்டு வருடங்களுக்கு முன்னர் வாப்பா மௌத்தானபோது, சொந்தக்காரர்கள் எல்லாம் 'பிள்ளையை அங்கால கொண்டு போங்க' என்று கத்த, ஹாஜறா உம்மா மகளின் கையைப் பிடித்துக் கட்டிலடிக்குக் கூட்டி வந்தார்.

"வாப்பா மவுத்தாகிட்டார் மகள். இனி வரமாட்டார். இப்ப முகத்தப் பார்த்துக்க. பொறகு பார்க்க ஏலாது."

நம்மவர்களில் பெண்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவதில்லை. சந்தூக்குப் பெட்டியை ஆண்கள் தூக்கிக்கொண்டு வாசல் படலையைத் தாண்டினால் பெண்களுக்கு அதோடு முடிந்தது. வீட்டுக்குள்ளே வைத்து முகம் பார்ப்பதுதான் அவர்களுடைய கடைசி ஸலாம். சுல்பிகா வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். பிறகு உம்மாவின் தோளில் சாய்ந்து அழுதாள். ஆனால் அன்றிலிருந்து ஒருநாளாவது, 'வாப்பா எப்ப வருவார்?' என்று அவள் கேட்டதில்லை. அவளுடைய தங்கச்சி றாபியாதான் பல நாள் கேட்டுக் கேட்டு அழுதாள்.

அந்தத் தங்கச்சிக்குத்தான் வீட்டை எழுதிக் கொடுத்துக் கலியாணம் முடித்து வைத்தார்கள். மாப்பிள்ளை முஸ்தாக், பள்ளிக்கூட மாஸ்டர். வீட்டோடு வந்த மருமகன். நல்ல மனிதர்தான், குறை சொல்லக் கூடாது. பெருநாளுக்கு மனைவிக்குச் சேலை எடுத்தால் மச்சி சுல்பிகாவுக்கும் ஒன்று எடுப்பார். ஒரே ஒரு குணம்: எல்லோருக்காகவும் தானே யோசித்து முடித்துவிடுவார். வகுப்பிலே நாற்பது பிள்ளைகளுக்காக யோசித்துப் பழகிய மூளை, வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை.

ஹாஜறா உம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆசுபத்திரியில் சேர்த்தபோது, சுல்பிகாவை அக்கரைப்பற்றில் இருக்கும் உம்மாவின் தங்கச்சி, சாச்சி சுபைறாவின் வீட்டில் கொண்டுபோய் விட்டார் முஸ்தாக். "ரெண்டு நாள் இருங்க மச்சி, உம்மா சுகமாகி வருவா" என்றார். அதுவரைக்கும் அதில் பொய்யில்லை. எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் ஹாஜறா உம்மா சுகமாகி வரவில்லை. விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு மௌத்தாகிவிட்டார்.

அக்கரைப்பற்று என்ன, கடலுக்கு அப்பாலா இருக்கிறது? சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறினாலும் நடுப்பகல் லுஹருக்குள் கூட்டி வந்திருக்கலாம். ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்தது மாலை அஸருக்குப் பிறகுதான். றாபியா அக்காவுக்காகக் கேட்கவும் செய்தாள்.

"ராத்தாவக் கூட்டி வாங்களன்."

"விசரா உங்களுக்கு? மச்சிக்கு இருதயம் பலவீனம். மையத்தக் கண்டு அவ விழுந்தா ஒரு வீட்டில ரெண்டு மையத்தா?" என்றார் முஸ்தாக்.

பிறக்கும்போது சுல்பிகாவின் இருதயத்தில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது உண்மை. அது தானாகவே மூடிவிட்டது என்று அவளுக்குப் பத்து வயதாகும் முன்னரே வைத்தியர் பார்த்துச் சொல்லிவிட்டார். கிணற்றில் அவள் தண்ணீர் அள்ளும்போதோ, நெல் அவித்துக் கொட்டும்போதோ, றாபியாவின் இரண்டு பிள்ளைகளையும் இடுப்பில் மாறி மாறித் தூக்கித் திரியும்போதோ அந்த ஓட்டையின் ஞாபகம் ஒருவருக்கும் வந்ததில்லை. அன்றைக்கென்று எல்லோருக்கும் வந்தது. றாபியாவும் அழுகையோடு அழுகையாகச் சரியென்று தலையாட்டிவிட்டாள்.

சாச்சி சுபைறா, சுல்பிகாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஜனாஸாவுக்குப் போனாள். மறுநாள் கண் வீங்கித் திரும்பி வந்தாள். 'உம்மா இன்னும் ஆசுபத்திரியில்' என்று சொல்லத்தான் வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்தாள். ஆனால் பஸ்ஸால் இறங்கிய இடத்தில், ஹஜ்ஜுக்குப் போகிறவர்களை வழியனுப்பச் சனம் கூடி நின்றது. வான் நிறைய வெள்ளை உடுப்பு, ஸலவாத்துச் சத்தம், கட்டிப்பிடித்து அழுகை. அதையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தவளிடம் படலையடியிலேயே சுல்பிகா கேட்டாள்.

"உம்மாவுக்குச் சுகமா சாச்சி?"

"உம்மா மக்கத்துக்குப் போயிட்டா மகள்."

வாய் தவறி வந்ததா, அல்லாஹ்வே வாயில் போட்டான் என்று நினைத்தாளா, தெரியாது. சொன்ன பிறகு சுபைறாவுக்கே அது நல்ல பேச்சாகப் பட்டது. கேள்விப்பட்ட முஸ்தாக்குக்கு இன்னும் பிடித்துப்போயிற்று. ஆசுபத்திரி என்றால் பார்க்கவேண்டும் என்பாள். மக்கம் என்றால் ஒன்றும் செய்ய முடியாது. ஹாஜிமார் திரும்பி வருவதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது, அதற்குள் மறந்துவிடுவாள் என்றார். பெற்ற தாயை ஒரு மாதத்தில் மறந்துவிடுவாளாம்! தெருவில் ஒருவராவது, 'மாஸ்டர், நீங்கள் உங்கள் உம்மாவை எத்தனை நாளில் மறந்தீர்கள்?' என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவைத்தார்கள், தெருவும் ஒத்துக்கொண்டது. ஒரு கலியாணத்துக்குப் பந்தல் போட ஒன்றுசேராத தெரு இதற்கு ஒன்றுசேர்ந்தது.

ஒரேயொரு விஷயத்தை அவர்கள் யோசிக்கவில்லை. அந்தப் பொய் சுல்பிகாவின் மனதில் என்ன செய்யும் என்பதை.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் சும்மா போய்விடுவதில்லை. வீடு வீடாகப் பயணம் சொல்ல வருவார்கள். தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்பார்கள். கேட்காமல் போனால் ஹஜ்ஜு நிறைவாகாது என்று பயம். ஹாஜறா உம்மாவுக்கு நெஞ்சுவலி வருவதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் பக்கத்து வளவில் குடியிருக்கும் கச்சிமுகம்மது மனைவியோடு வந்திருந்தார். ஹாஜறா உம்மாவிடம் மாப்புக் கேட்டுவிட்டுக் கதிரையிலிருந்து எழும்பியவரை உம்மா விடவில்லை.

"என்ட மூத்த மகளும் இருக்கா. அவவுக்கிட்டயும் கேட்டிட்டுப் போங்க."

கச்சிமுகம்மது கொஞ்சம் தடுமாறினார். பிறகு சுல்பிகாவின் பக்கம் திரும்பி, "மகள், கையால வாயால என்ன பிழை செஞ்சிருந்தாலும் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கங்க" என்றார்.

சுல்பிகா யோசித்தாள். உம்மா காத்திருந்தார், அதனால் அவரும் காத்திருந்தார்.

"உங்கட ஆடு என்ட மல்லிகையத் திண்ட."

"அதையும் பொறுத்துக்கங்க மகள்."

"பொறுத்தன்" என்றாள் சுல்பிகா. பெரிய மனுசியாய் அன்று முழுவதும் அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

ஆட்டுக்காரரே கேட்டுவிட்டுப் போனார். பெற்ற உம்மா ஒரு சொல் சொல்லாமல், முகத்தைக்கூடக் காட்டாமல் போய்விட்டாரா? இதைத்தான் சுல்பிகாவால் தாங்க முடியவில்லை. சாச்சி வீட்டுப் பின்வளவில் தனியே இருந்து யோசித்து யோசித்து அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்: உம்மா தன்னை ஏமாற்றிவிட்டார். ஆசுபத்திரி என்று சொன்னது பொய். தன்னை இங்கே தள்ளிவிட்டு மக்கத்துக்குப் போகத்தான் எல்லாம் செய்திருக்கிறார். அவளுடைய வாழ்க்கையில் அவளிடம் பொய் சொல்லாத ஒரே ஆள்மீது அவள் அப்படித்தான் கோபம் கொண்டாள்.

இரண்டு கிழமை கழித்து வீட்டுக்கு வந்தபோதும் கோபம் ஆறவில்லை. உம்மாவின் கட்டிலில் ஏறிப் படுக்கவில்லை. உம்மாவின் பேச்சை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெருப் பெண்கள் வந்து வேண்டுமென்றே வாயைக் கிண்டினார்கள்.

"என்னகா சுல்பிகா, உம்மா மக்கத்தால என்ன கொண்டுவருவா?"

"ஒண்டும் வேணா. வரட்டும். நான் கதைக்கமாட்டன்."

அவர்கள் சிரித்தார்கள், குசினி அடுப்படி வாசலில் நின்ற றாபியாவும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய் றாபியாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இதில் எது நடிப்பு எது உண்மை என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். றாபியாவின் ஐந்து வயதுப் பிள்ளைகூட, பாட்டியைப் பற்றிக் கேட்டால், 'மூத்தம்மா மக்கத்துல' என்று சொல்லிவிட்டு றாபியாவின் முகத்தைப் பார்க்கும், சரியாகச் சொன்னேனா என்று. ஐந்து வயதுப் பிள்ளைக்கு மௌத்து விளங்கும் என்று நம்பிச் சொன்னவர்கள், இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு விளங்காது என்றார்கள்.

அறபா நோன்பு வந்தது. ஹாஜிமார் எல்லாம் அறபா வெளியில் நிற்கும் நாள். சுல்பிகா அன்று நோன்பு பிடித்தாள். றேடியோவில் மக்கத்திலிருந்து ஹாஜிமாரின் 'லப்பைக்' முழக்கம் கேட்டது. சத்தத்தைக் கூட்டிவிட்டு, காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

"என்ன ராத்தா செய்றீங்க?" என்று கேட்டாள் றாபியா.

"உம்மாட சத்தம் கேக்குதா எண்டு பார்க்கன்."

றாபியா அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் எந்தச் சொல்லால் தொடங்குவது என்று தெரியவில்லை. முந்திய நாள் சொல்லியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும், அதற்கு முந்திய நாள் இன்னும் இலகு. பொய் நாளுக்கு நாள் வட்டி கேட்டது. றாபியா சோறு வடிக்கப் போய்விட்டாள்.

அன்று நோன்பு திறக்கும்போது சுல்பிகாவின் மனம் இளகியது. அறபாவில் நிற்கிறவர்களை அல்லாஹ்வே மன்னிக்கிறான் என்று பள்ளிவாசலில் சொன்னது அவளுக்குக் கேட்டிருந்தது. அல்லாஹ்வே மன்னித்தால் நான் ஏன் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும் என்று யோசித்தாள். உம்மா வந்ததும் கேட்கமாட்டார், வெட்கப்படுவார். கேட்கும் முன்னரே நான் 'பொறுத்தன்' என்று சொல்லிவிடவேண்டும் என்று முடிவெடுத்தாள். அன்றிலிருந்து உம்மாவின் கட்டிலைத் தினமும் தட்டி விரித்தாள்.

நாற்பதாம் நாள் கத்தம் நெருங்கியது. மரித்தவர்களுக்காக ஓதி, ஊருக்குச் சோறு கொடுக்கும் நாள். சுல்பிகா கேட்டபோது, உம்மா நல்லபடி வந்துசேர ஒரு கத்தம் ஓதுகிறோம் என்று சொன்னார் முஸ்தாக். உம்மாவுக்கென்றதும் அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. அரிசியில் கல் பொறுக்கினாள், தேங்காய் திருவினாள், சட்டிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தன் உம்மாவின் நாற்பதுக்குத்தான் வேலை செய்கிறோம் என்று தெரியாமல், உம்மா வரப்போகிற சந்தோசத்தில் தனக்குள் சிரித்துக்கொண்டே வேலை செய்தாள். குசினி நிறையப் பெண்கள் இருந்தார்கள். எல்லோரும் அந்தச் சிரிப்பைப் பார்த்தார்கள். ஒருவரும் கைவேலையை நிறுத்தவில்லை.

கத்தத்துக்கு முதல்நாள் அஸருக்குச் சற்று முன்னர் தெருவில் வான் ஹோர்ன் சத்தம் கேட்டது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

"ஹாஜியார் வந்திட்டார்! கச்சிமுகம்மது ஹாஜியார் மக்கத்தால வந்திட்டார்!"

சுல்பிகா கையைக் கழுவினாள். அறைக்குள் போய்ப் பெருநாள் சேலையை எடுத்து உடுத்தாள். அவள் சேலை உடுக்க நேரமெடுக்கும். அவள் எங்கே என்று ஒருவரும் தேடவில்லை, எல்லோருக்கும் வேலை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவள் பின்படலையால் பக்கத்து வளவுக்குப் போனாள்.

அங்கே சனம் நிறைந்திருந்தது. பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீரும் கைமாறிக்கொண்டிருந்தன. சுல்பிகா முதலில் வானுக்குள் எட்டிப் பார்த்தாள். சாமான்கள்தான் இருந்தன. பிறகு பெண்கள் இருந்த பக்கம் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு நேரே ஹாஜியாரின் முன்னால் போய் நின்றாள்.

மக்கத்தில் இருந்த மனிதருக்கு இந்தத் தெருவின் ஏற்பாடு எப்படித் தெரியும்? விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் மகன் ஊர்ச் செய்தியெல்லாம் சொல்லியிருந்தான். யார் மௌத்து, யாருக்குப் பிள்ளை, எந்தப் பக்கம் பாதை பூட்டு என்றெல்லாம் சொன்னவன், இந்தப் பொய்யைச் சொல்ல மறந்துவிட்டான். மக்கத்தைக் காரணம் காட்டி ஊரே பொய் சொல்ல, மக்கத்திலிருந்து வந்தவர் ஒருவர்தான் அவளுக்கு உண்மை சொல்ல மிச்சமிருந்தார்.

அவர் அவளைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பினார். கண் கலங்கியிருந்தது.

"மகள், எனக்கு இப்பதான் வானுக்குள்ள மகன் சொன்னான். உம்மா மவுத்தாகிட்டாவாமே. தெரிஞ்சிருந்தா கஃபாவப் பிடிச்சி அவவுக்காகக் கேட்டிருப்பனே. நான் போய் ரெண்டு மூணு நாளைக்குள்ளயாமே! பொறுமையா இருங்க மகள்."

சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி "ஹாஜியார்..." என்று, பேசவேண்டாமென்பதுபோல் கையைக் காட்டினாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சுல்பிகா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டதை உள்ளே எடுத்துக்கொண்டாள். திருப்பிப் பார்த்தாள். அதற்கு நேரமெடுத்தது. பிறகு சுற்றியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லா முகங்களும் கீழே பார்த்தன. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்பது அவளுக்கு அங்கேதான் விளங்கியது. அவளுக்கு நெஞ்சில் யாரோ உலக்கையால் இடித்ததுபோல இருந்தது. ஆனால் அவள் விழவில்லை. முஸ்தாக் மாஸ்டர் பயந்த எதுவும் நடக்கவில்லை. சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வீட்டுக்கு வந்தாள்.

குசினியில் றாபியாவும், கத்தத்துக்காக அக்கரைப்பற்றிலிருந்து வந்திருந்த சாச்சி சுபைறாவும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். முஸ்தாக் வாசலில் நின்று சட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"உம்மா மவுத்து" என்றாள் சுல்பிகா.

முஸ்தாக்தான் முதலில் சுதாகரித்தார். "ஆர் மச்சி சொன்ன? ஹாஜியாரா? அவர் பயணக் களைப்புல ஆரையோ நினைச்சிக் கதைச்சிருப்பார். உம்மா அடுத்த வான்ல வருவா."

முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் சொன்னார். முதலில் சொன்ன பொய்யையாவது பயத்தில் சொன்னது என்று விட்டுவிடலாம். இதை, அவள் உண்மையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும்போது, அதைப் பறித்தெடுக்கச் சொன்னார். சுல்பிகா அவரை விட்டுத் திரும்பி, தங்கச்சியைப் பார்த்தாள்.

"நீ சொல்லு."

றாபியா கத்தியைப் பலகையில் வைத்தாள்.

"ஓம் ராத்தா."

"ஆர் குளிப்பாட்டின?"

"சாச்சி. பின்னத் தெரு ஆக்கள். நானும்."

"நீ தண்ணி ஊத்தினியா?"

"ஊத்தின."

"முகம் பார்த்தியா?"

"ஓம்."

"எல்லாரும் பார்த்தா?"

றாபியா வாய்க்குள் துணியை அடைத்துக்கொண்டு தலையாட்டினாள். எல்லோரும் பார்த்தார்கள். தெருவால் போன பெண்கள் பார்த்தார்கள். ஹாஜறா உம்மாவோடு வருடக்கணக்காகப் பேசாமலிருந்தவர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

"உம்மா என்னக் கேட்டாவா?"

இந்தக் கேள்வியை அந்த வீட்டில் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. முஸ்தாக், "இப்ப அதெல்லாம் என்னத்துக்கு மச்சி?" என்று குறுக்கே வந்தார். சுல்பிகா தங்கச்சியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காத்திருந்தாள். காத்திருக்க அவளுக்குத் தெரியும்.

"ஆசுபத்திரியில கண் முழிக்கிற நேரமெல்லாம் கேட்டா, ராத்தா. 'சுல்பிகா எங்க, அவளக் கூட்டி வாங்க' எண்டு."

"நீங்க என்ன சொன்ன?"

"வந்துக்கிட்டு இருக்கா எண்டு சொன்ன."

தாயிடமும் அதே பொய், மகளிடமும் அதே பொய். மகள் வருகிறாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே தாய் போனார். தாய் வருவார் என்று கட்டிலை விரித்து வைத்தாள் மகள்.

"உங்கட இருதயத்துக்காகத்தான் மச்சி. அல்லாஹ் அறிய, வேற ஒண்டுமில்ல" என்றார் முஸ்தாக். குரல் இறங்கியிருந்தது.

"அது எப்பயோ மூடிட்டு எண்டு டொக்டர் சொன்ன" என்றாள் சுல்பிகா. "நானும் கேட்ட. உம்மாவும் கேட்ட."

பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள். நின்றபடியே, முகத்தை மூடாமல் அழுதாள்.

"நான் உம்மாவோட கோவமா இருந்தன். கதைக்கமாட்டன் எண்டு சொன்னன். எல்லாரும் சிரிச்ச. நீயும் சிரிச்ச, றாபியா. உம்மா எனக்கு ஒண்டும் செய்யல்ல. நீங்கதான் செஞ்ச. என்ட உம்மாவோட என்னக் கோவம் போட வச்சிட்டீங்க."

றாபியா எழும்பி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாள். சுல்பிகா ஓரடி பின்னால் வைத்தாள். அவள் வாழ்நாளில் தங்கச்சி நீட்டிய கைக்குள் வராமல் நின்றது அதுதான் முதல் தடவை. வெங்காயம் கிடந்த பாயில் றாபியா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சாச்சி சுபைறாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இந்தப் பொய்யை முதலில் வாயால் விட்டவள் அவள்தான். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தாள். இந்தத் தடவை பாடமாக்கிக்கொண்டு வரவில்லை, ஈமானோடு நம்பியதைச் சொன்னாள்.

"அழாத மகள். என்ட ராத்தா அஞ்சு நேரமும் தொழுத மனுசி. ஒருத்தரயும் நோகடிச்சவ இல்ல. உங்கட உம்மா சுவர்க்கத்துல இருக்கா மகள். நாளைக்கு மறுமையில நீங்க ரெண்டு பேரும் காணுவீங்க."

சுல்பிகா அழுகையை நிறுத்தினாள். சாச்சியின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். அந்த முகத்தில் கண்ணீர் உண்மையாகத்தான் இருந்தது. அன்றைக்குப் படலையடியிலும் அந்த முகத்தில் கண்ணீர் உண்மையாகத்தான் இருந்தது.

"மக்கத்துல எண்டும் நீங்கதானே சாச்சி சொன்ன."

சொல்லிவிட்டு உம்மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஹாஜறா உம்மா சுவர்க்கத்துக்குரிய மனுசி என்று அந்த வீட்டிலிருந்த எல்லோரும் மனமார நம்பினார்கள். அவருடைய மூத்த மகளை அதை நம்பவைக்க அவர்களில் ஒருவராலும் முடியவில்லை.